சர்வர் படுத்தால் யார் எழுந்திருப்பது?

2017 ஜனவரி 31, இரவு. கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், தன் ஊரில் மணி 11 ஆகிவிட்டதால் கிளம்பப்போவதாகச் சக ஊழியர்களிடம் சொல்லியிருந்தார். கிளம்பவில்லை. டேட்டாபேஸில் திடீரென்று ஒரு சிக்கல் முளைத்தது. இதை முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று உட்கார்ந்துவிட்டார். நள்ளிரவும் தாண்டியது. ஒரு போல்டரைக் காலி செய்ய ஒரு கட்டளை கொடுத்தார். ஒன்றிரண்டு நொடிகளில் உறைத்தது: வேறொரு சர்வரில் கொடுக்க வேண்டியதை, வாடிக்கையாளர்களின் தரவு ஓடிக்கொண்டிருந்த சர்வரிலேயே கொடுத்துவிட்டார். பதறி நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபி இருந்த இடத்தில் 4.5 ஜிபிதான் மிச்சம்.

ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இதைப் படிக்கும்போதே வயிற்றைப் பிசையும். மற்றவர்களுக்கு, அதனால் என்ன, பேக்கப் இருக்குமே என்று தோன்றும். கதையே அந்தப் பேக்கப்பில்தான் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

கிட்லேப் என்பது உலகம் முழுக்க இருக்கும் புரோகிராமர்கள் தாங்கள் எழுதுவதைச் சேமித்து, சேர்ந்து வேலை பார்க்கும் தளம். அன்றிரவு நின்றுபோனது, மறுநாள் மாலைதான் எழுந்தது. இப்படி நடந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் இரண்டு வரி வருத்தம் தெரிவித்து முடித்துக்கொள்ளும். இவர்கள் நடந்ததை மணி வாரியாக எழுதி எல்லோருக்கும் காட்டினார்கள். அதனால் 'இன்சிடென்ட்' என்றால் என்ன, மென்பொருள் குழுக்கள் அதை எப்படிச் சமாளிக்கின்றன என்று புதிதாக வேலைக்கு வந்தவர்கள் கேட்டால், நான் இந்த இரவிலிருந்துதான் தொடங்குவேன்.

முதலில் சொல்லுக்குப் பொருள். மென்பொருளில் ஒரு பிழை இருந்தால் அது பக். குழாய் சொட்டுகிற மாதிரி; கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுத் திங்கட்கிழமை பிளம்பரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். குழாய் வெடித்துக் கூடத்தில் தண்ணீர் ஏறினால் அது இன்சிடென்ட். யாராவது இப்போதே எழுந்திருக்க வேண்டும். ஒரே பிழை ஞாயிறு மதியம் யார் கண்ணிலும் படாமல் பக்காகக் கிடக்கும். சம்பளத் தேதியன்று பேங்க் ஆப்பில் இன்சிடென்ட் ஆகிவிடும்.

எவ்வளவு மோசம் என்பதற்கு செவ்-1, செவ்-2 என்று தரம் பிரிப்பார்கள். எத்தனை பேருக்குப் பாதிப்பு, பணமோ தரவோ போகிறதா, மாற்று வழி உண்டா என்பதை வைத்துத் தரம். எல்லாம் நின்றுவிட்டால் செவ்-1. இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக விதிகள் எழுதுவார்கள், ஆனால் அறிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: ராத்திரியில் இது ஒன்றா இரண்டா என்று வாதாடிக்கொண்டிருக்கக் கூடாது. சந்தேகம் வந்தால் பெரியதாகவே வைத்துக்கொண்டு, காலையில் இறக்கிக்கொள்ளலாம்.

சரி, யார் எழுந்திருப்பது? அதற்குத்தான் ஆன்-கால். குழுவில் இருப்பவர்கள் முறை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் ஆளுக்கு ஒரு வாரம், போனும் லேப்டாப்புமாகத் திரிவார்கள். கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் பக்கத்து நாற்காலியில் லேப்டாப் பை உட்கார்ந்திருக்கும். சர்வர்களைக் கண்காணிக்கும் மானிட்டரிங் மென்பொருள் ஏதாவது எல்லை மீறினால் அந்த ஆளின் போனை அடிக்கும். அவர் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு, அவரும் எடுக்காவிட்டால் மேனேஜருக்கு.

இதில் ஒரு பொறி உண்டு. என் முதல் ஆன்-கால் வாரத்தில் தினமும் ராத்திரி 2.40-க்கு ஓர் அலர்ட் வந்தது: டிஸ்க் 80 சதவீதம் நிரம்பிவிட்டதாம். அடித்துப் பிடித்து எழுந்து பார்த்தால் ஒன்றும் செய்ய வேண்டியிருக்காது. 3 மணிக்குப் பழைய லாகுகளை, அதாவது சர்வர் எழுதிவைக்கும் குறிப்புகளை, அழிக்கும் வேலை தானாக ஓடி, எல்லாம் சரியாகிவிடும். மூன்றாம் நாள் போனைத் திருப்பிப் போட்டுவிட்டுப் படுத்தேன். நான்காம் நாளும் 2.40-க்கு அடித்தது. அன்றைக்கு அந்த அழிக்கும் வேலையே ஓடவில்லை. டிஸ்க் நிரம்பி, சர்வர் படுத்து, காலை ஷிப்ட் வந்துதான் என்னை எழுப்பினார்கள். அப்புறம் தெரிந்துகொண்டேன், அந்த அலர்ட் எனக்கு முன்னால் ஆன்-கால் பார்த்த நாலைந்து பேரையும் இப்படியே பழக்கியிருந்தது. எழுந்து எதையாவது செய்தே ஆக வேண்டிய நிலை என்றால் மட்டும் ஆளை எழுப்பு, மற்றதெல்லாம் காலை மெயிலில் வரட்டும் என்பது இந்தத் தொழிலில் பழைய விதி. பழைய விதி என்பதால் யாரும் பின்பற்றுவதில்லை.

கிட்லேப் இரவுக்கு வருவோம். ஒரு டேட்டாபேஸில் அழிப்பு வேலை எதற்கு வந்தது என்பது புரிய வேண்டுமென்றால், இரண்டு கணக்குப்பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் கடையில் உட்கார்ந்து ஒவ்வொரு வரவு செலவையும் பேரேட்டில் பதிகிறார். பதிந்ததற்கெல்லாம் ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கம்பியில் குத்திவிடுகிறார். இரண்டாமவர் பின்னறையில் இருந்துகொண்டு, கம்பியிலிருந்து சீட்டை எடுத்து எடுத்துத் தன் பேரேட்டில் அதையே பதிகிறார். முதலாமவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இரண்டாமவர் கடையில் வந்து உட்கார்ந்துகொள்ளலாம். டேட்டாபேஸில் இதற்கு ரெப்ளிகேஷன் என்று பெயர். கிட்லேப்பில் முதலாமவர் டிபி1, இரண்டாமவர் டிபி2.

அன்று மாலையிலிருந்து கடையில் கூட்டம். ஸ்பேம் அனுப்புகிறவர்கள் குப்பைப் பதிவுகளாகக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, யாரோ ஒரு விஷமி தவறான புகார் கொடுத்ததில் கிட்லேப் ஊழியர் ஒருவரின் கணக்கையே நீக்கும் வேலை பின்னணியில் ஓட ஆரம்பித்திருந்தது, அதுவும் சுமை. கம்பி நிரம்ப நிரம்ப, பழைய சீட்டுகளைத் தூக்கிப் போடுவது வழக்கம். இரண்டாமவர் பதிவதற்கு முன்பே சீட்டுகள் குப்பைக்குப் போய்விட்டன. தூக்கிப்போடும் சீட்டுகளைத் தனியே சேர்த்துவைக்கும் ஏற்பாடும் இல்லை. நடுவில் பக்கங்கள் விட்டுப்போன பேரேடு எதற்கும் உதவாது. டிபி2-வைத் துடைத்துவிட்டு, டிபி1-லிருந்து மொத்தத்தையும் மறுபடி பிரதி எடுப்பது ஒன்றுதான் வழி.

பிரதி எடுக்கும் கருவியை ஓட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்லி நின்றது. ஒரு செட்டிங்கை ஏற்றினார்கள், இன்னொன்றை இறக்கினார்கள். கடைசியில் கருவி எந்தப் பிழையும் காட்டாமல், எதுவுமே பேசாமல் உட்கார்ந்துவிட்டது. டிபி1 தரவு அனுப்பத் தொடங்கும்வரை அது அப்படித்தான் மௌனமாகக் காத்திருக்கும், அதுதான் அதன் இயல்பு என்று பிறகு வேறொரு பொறியாளர் சொன்னார். அந்த நேரத்தில் திரைக்கு முன்னால் இருந்தவருக்கு அது தெரியாது. டிபி2-வில் பழைய போல்டரின் மிச்சம் கிடப்பதால்தான் முரண்டு பிடிக்கிறதோ என்று நினைத்தார். போல்டரை நீக்கும் கட்டளையைத் தட்டினார். கட்டளை தட்டுவதற்குத் திரையில் ஒரே மாதிரி இரண்டு கறுப்பு ஜன்னல்கள், ஒரே மாதிரி நீளமான சர்வர் பெயர்கள். வித்தியாசம் ஒரே ஓர் எண். அவர் தட்டியது டிபி1-ல்.

கவனக்குறைவு, வேறென்ன என்று இத்தோடு கணக்கை முடித்துவிடலாம். நான் முடிக்கமாட்டேன். அவர் தவறு செய்தது இரண்டு நொடி. தளம் விழுந்து கிடந்தது பதினெட்டு மணி நேரம். அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியை அவர் உண்டாக்கவில்லை. அது மாதக்கணக்கில் யாரும் பார்க்காமல் தானாக உருவாகியிருந்தது.

வண்டி டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது என்ற தைரியத்தில் வருஷக்கணக்காக ஓட்டுவோம். அதில் காற்று இருக்கிறதா என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? கிட்லேப்பில் ஸ்டெப்னி ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள்.

தினம் ஒருமுறை மொத்த டேட்டாபேஸையும் பிரதி எடுத்து அமேசானின் எஸ்3 கிடங்கில் போடும் ஏற்பாடு இருந்தது. போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6, பிரதி எடுக்கும் கருவியோ 9.2-க்கானது. பதிப்பு பொருந்தவில்லை என்று ஒவ்வொரு நாளும் பிழை சொல்லி நின்றிருக்கிறது. அப்படி நின்றால் மெயில் வருமே? மெயிலும் போயிருக்கிறது. ஆனால் இவர்கள் அனுப்பியதுதான் என்பதற்கான கையொப்பம் அந்த மெயில்களில் இல்லாததால், பெறும் பக்கமே அவற்றைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. சர்வர்கள் இருந்த மைக்ரோசாப்ட் அஸூரில், டிஸ்க்கை அப்படியே படம் பிடித்து வைக்கும் ஸ்னாப்ஷாட் வசதி உண்டு. கோப்பு சர்வர்களுக்கு அதைப் போட்டிருந்தார்கள், டேட்டாபேஸுக்குப் போடவில்லை. அதற்குத்தான் வேறு பேக்கப்புகள் இருக்கின்றனவே என்று விட்டுவிட்டார்கள். டிபி2-வோ ஏற்கெனவே துடைக்கப்பட்டிருந்தது.

ஒவ்வொரு காவலாளியும் மற்றவன் விழித்திருக்கிறான் என்று நம்பித் தூங்கியிருக்கிறான்.

காப்பாற்றியது ஒரு தற்செயல். புதிய மாற்றங்களைச் சோதித்துப் பார்க்க ஸ்டேஜிங் என்று ஒரு நகல் சூழல் எல்லா நிறுவனத்திலும் இருக்கும். ஒத்திகை மேடை மாதிரி. அங்கே தரவைப் புதுப்பிக்க 24 மணி நேரத்துக்கு ஒருமுறை டேட்டாபேஸின் ஸ்னாப்ஷாட் எடுப்பார்கள். அன்று சாயங்காலம், விபத்துக்குச் சுமார் 6 மணி நேரம் முன்பு, வேறொரு சோதனைக்காகப் புதிய தரவு தேவைப்பட்டதால் ஒருவர் கையாலேயே ஒன்று எடுத்து வைத்திருந்தார். அந்த ஒருவர், ராத்திரி அழித்தாரே, அதே பொறியாளர்தான்.

ஸ்டேஜிங் சர்வரின் டிஸ்க்குகள் மலிவானவை, மெதுவானவை. அங்கிருந்து 300 ஜிபியைக் கொண்டுவந்து சேர்க்கத்தான் பதினெட்டு மணி நேரம். ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு பதிந்தவை போயே போய்விட்டன: அவர்கள் கணக்குப்படி சுமார் 5,000 புராஜெக்ட்டுகள், 5,000 கருத்துகள், 700 புதிய பயனர் கணக்குகள். புரோகிராம் கோப்புகள் வேறிடத்தில் இருந்ததால் தப்பின.

இவ்வளவும் நடக்கும்போது குழு எப்படி இயங்க வேண்டும்? நம் அலுவலகங்களில் நடப்பதைச் சொல்கிறேன். 'பிரிட்ஜ் கால்' ஒன்றைத் திறப்பார்கள். பத்து நிமிடத்தில் நாற்பது பேர் ஏறிவிடுவார்கள். அதில் வேலை தெரிந்தவர்கள் மூன்று பேர். அந்த மூவரிடமும் மற்ற முப்பத்தேழு பேரும் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை "ஈடிஏ என்ன?" என்று கேட்பார்கள். எப்போது சரியாகும் என்று சொல்வதிலேயே நேரம் போய்விடும். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே சர்வரில் கைவைத்து, ஒருவர் போட்டதை மற்றவர் எடுத்துக்கொண்டிருப்பார்.

இந்தக் குழப்பத்துக்கு மருந்து கணினித் துறையில் பிறக்கவில்லை, காட்டுத்தீயில் பிறந்தது. 1970-இல் கலிஃபோர்னியாவில் 13 நாட்கள் எரிந்த தீயில் 16 பேர் இறந்தார்கள், ஐந்து லட்சம் ஏக்கருக்கு மேல் சாம்பலானது. தீயணைப்புப் படைகள் பல இருந்தன. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியவில்லை, யார் பேச்சை யார் கேட்பது என்றும் தெரியவில்லை. அதற்குப் பின் அவர்கள் உருவாக்கிய முறைதான் இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம். கூகுள் போன்ற நிறுவனங்கள் இன்சிடென்ட்டுகளைக் கையாள்வது இதன் வழியில்தான்.

சாரம் எளியது. ஒருவர் கமாண்டர். அவர் கீபோர்டைத் தொடக்கூடாது. என்ன தெரியும், யார் எதைச் செய்கிறார், அடுத்து என்ன என்பதைத் தலையில் வைத்திருப்பது மட்டும் அவர் வேலை. சர்வரில் கைவைப்பவர் வேறு ஒருவர், அவர் தவிர வேறு யாரும் கைவைப்பதில்லை. வெளியே தகவல் சொல்பவர் இன்னொருவர். ஈடிஏ கேட்கும் முப்பத்தேழு பேரும் அவரிடம்தான் போக வேண்டும். முடிந்தால் நான்காவதாக ஒருவர், நேரம் போட்டு நடப்பதைக் குறித்துக்கொண்டே வருவார். கமாண்டருக்குப் பதவி முக்கியமில்லை. நேற்றுச் சேர்ந்தவர் கமாண்டராக இருந்தால் இயக்குநரும் அவர் சொன்னதைக் கேட்க வேண்டும். இந்த ஒரு வரிதான் நம் ஊர் அலுவலகங்களில் ஏறவே மாட்டேன் என்கிறது.

நல்ல கமாண்டர் இன்னொன்றும் செய்வார்: ஆளை மாற்றுவார். பல மணி நேரம் முட்டிக்கொண்டிருந்து, எரிச்சலும் தூக்கமுமாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அடுத்தவரை உட்காரவைப்பார். கிட்லேப் இரவில், கிளம்பப்போவதாகச் சொன்னவரைப் பிடித்துக் கிளப்பிவிட யாராவது இருந்திருந்தால் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை.

குழு கூடியதும் வருகிற முதல் சபலம், ஏன் இப்படி ஆனது என்று தோண்டுவது. அது அப்புறம். முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். "கடைசியாக என்ன மாற்றினோம்?" என்று கேட்டு, அந்த மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிடுவதுதான் பழக்கப்பட்டவர்களின் முதல் அசைவு, இதற்கு ரோல்பேக் என்று பெயர். காரணம் தெரியாமலேயே குணமாகிவிட்டால் நல்லதுதான், காரணத்தைப் பகலில் காபி குடித்துக்கொண்டே தேடலாம்.

ரோல்பேக்கையே நம்பியும் இருக்க முடியாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் ஒரு கோப்பை உலகெங்கும் உள்ள விண்டோஸ் கணினிகளுக்கு அனுப்பியது. பிழையான கோப்பு. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள், வேகம்தான். ஆனால் அதற்குள் கோப்பு போய்ச் சேர்ந்த கணினிகள் நீலத்திரையில் விழுந்து, மறுபடி எழ முயன்று, மறுபடி விழுந்துகொண்டிருந்தன. எழாத கணினிக்குத் திருத்திய கோப்பு எப்படிப் போகும்? மைக்ரோசாப்ட்டின் மதிப்பீட்டில் 85 லட்சம் கணினிகள். விமான நிலையங்களிலும் மருத்துவமனைகளிலும் ஆட்கள் ஒவ்வொரு பெட்டியாகப் போய் உட்கார்ந்து சரிசெய்தார்கள். இதனால்தான் எந்த மாற்றத்தையும் முதலில் ஒரு சதவீதம் பேருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்து, எதுவும் ஆகவில்லை என்றால் பத்து, அப்புறம் ஐம்பது என்று போகச் சொல்வார்கள். சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்ப்பது மாதிரிதான். அந்த நிறுவனமும் பின்னர் அந்த வகைக் கோப்புகளைப் படிப்படியாக அனுப்பும் முறைக்கு மாறியது.

வெளியே தகவல் சொல்வதற்கு வருவோம். ஒவ்வொரு சேவைக்கும் இப்போது ஸ்டேட்டஸ் பக்கம் உண்டு. பச்சை என்றால் நலம், சிவப்பு என்றால் கோளாறு. கிட்லேப் விபத்துக்கு நான்கு வாரம் கழித்து, 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் எஸ்3 வட வர்ஜீனியாவில் விழுந்தது. பில்லிங் மெதுவாக இருப்பதைப் பார்க்க வந்த ஊழியர் சில சர்வர்களை நிறுத்தக் கட்டளை கொடுத்தார். அதில் ஒரு விவரம் தப்பாகப் போய், நினைத்ததைவிட நிறைய சர்வர்கள் நின்றுவிட்டன. எஸ்3-ஐ நம்பி இருந்த ஏராளமான தளங்கள் கூடவே படுத்தன. அமேசானின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இதைப் போடலாம் என்றால், அந்தப் பக்கத்தை இயக்கும் கருவியும் எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது. கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் எல்லாம் பச்சையாகவே காட்டியது. ட்விட்டரில் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. வீடு எரிகிறது என்று கத்த வேண்டிய மணியை வீட்டுக்குள்ளேயே மாட்டியிருந்தார்கள்.

கிட்லேப் இதில் நேர் எதிர். குழு எழுதிக்கொண்டிருந்த குறிப்பையே பொதுவில் திறந்துவிட்டார்கள், மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். ஒரு கட்டத்தில் சுமார் 5,000 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒரு பிரதி சதவீதம் சதவீதமாக ஏறுவதை. எல்லோரும் இப்படிச் செய்ய வேண்டியதில்லை. பேங்க் செய்யவும் கூடாது. ஆனால் அரை மணிக்கு ஒருமுறை, புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்றாலும் அதையாவது சொல்லிக்கொண்டிருந்தால் பாதிக் கோபம் தணிந்துவிடும் என்பது எந்தப் பேருந்து நிலையத்தில் காத்திருந்தவருக்கும் தெரியும்.

எல்லாம் முடிந்து, ஆளாளுக்குத் தூங்கி எழுந்த பின் வருவது போஸ்ட்மார்ட்டம். நடந்ததை நேர வரிசையில் எழுதி, ஏன் என்று கேட்பது. நம் ஊரில் ஆர்சிஏ, அதாவது மூலகாரண ஆய்வு, என்ற பெயரில் வாடிக்கையாளருக்கு அனுப்ப ஓர் ஆவணம் தயாரிப்பார்கள். பாதி ஆர்சிஏக்களில் மூலகாரணம் என்ற இடத்தில் 'மனிதத் தவறு' என்றும், தீர்வு என்ற இடத்தில் 'இனி கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தப்பட்டது' என்றும் இருக்கும். என் பார்வையில் அந்தத் தாளைப் பஜ்ஜி மடிக்கத்தான் பயன்படுத்தலாம். அவர் முன்பும் கவனமாகத்தான் இருந்தார். யாரும் டேட்டாபேஸை அழிக்கலாம் என்று வேலைக்கு வருவதில்லை.

கிட்லேப்பின் போஸ்ட்மார்ட்டத்தில் அந்தப் பொறியாளருக்குப் பெயரில்லை. 'குழு உறுப்பினர் 1' என்றுதான் இருக்கிறது. குற்றம் சாட்டாத போஸ்ட்மார்ட்டம் என்று இதைச் சொல்வார்கள். கேட்கப் பெருந்தன்மை மாதிரி இருக்கும், உண்மையில் சுயநலம். ஒருவரைத் தூக்கில் போட்டால், அடுத்த முறை தவறு செய்பவர் வாயைத் திறக்கமாட்டார். எந்த ஜன்னலில் எதைத் தட்டினேன், ஏன் அப்படி நினைத்தேன் என்று அவர் உள்ளபடி சொன்னால்தான் ஓட்டை எங்கே என்று தெரியும். எட்ஸி என்ற அமெரிக்க நிறுவனம் இன்னும் ஒருபடி மேலே போய், யாரும் எதிர்பாராத விதத்தில் எதையாவது உடைத்த பொறியாளருக்கு ஆண்டுதோறும் மூன்று கை வைத்த ஸ்வெட்டர் ஒன்றைப் பரிசாகக் கொடுத்து வந்தது.

கிட்லேப்காரர்கள் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். தளம் ஏன் விழுந்தது? தரவு அழிந்ததால். ஏன் உடனே மீட்க முடியவில்லை? பேக்கப் இல்லாததால். ஏன் இல்லை? கருவி நின்றுபோயிருந்தது. ஏன் யாருக்கும் தெரியவில்லை? மீட்டுப் பார்க்கும் சோதனையை யாரும் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை? அது இன்னார் வேலை என்று யாரிடமும் கொடுக்கப்படவில்லை. கேள்வி ஜன்னலில் தொடங்கி இங்கே வந்து நின்றது. அமேசானும் அதே மாதிரி ஊழியரை விட்டுவிட்டுக் கருவியைத் திருத்தியது: இனி சர்வர்களை மெதுவாகத்தான் நிறுத்த முடியும், குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகும் கட்டளையைக் கருவியே ஏற்காது.

விழவே கூடாது என்று முடிவெடுத்துவிட்டால் என்ன என்று புதியவர்கள் கேட்பார்கள். முடியாது, முயன்றாலும் கட்டுப்படியாகாது. எவ்வளவு விழலாம் என்று முன்கூட்டியே ஓர் எண்ணை ஒப்புக்கொள்வதுதான் இப்போதைய வழக்கம். மாதத்தில் 99.9 சதவீதம் இயங்க வேண்டும் என்றால், 30 நாள் மாதத்தில் சுமார் 43 நிமிடம் விழலாம். 99.99 என்றால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல். இங்கே ஒரு ஒன்பதைச் சேர்ப்பது காகிதத்தில் சுலபம். ஆனால் போன் அடித்து, கண்ணைத் துடைத்து, லேப்டாப்பைத் திறந்து பாஸ்வேர்ட் போடவே ஐந்து நிமிடம் ஆகும். அந்த நான்காவது ஒன்பதுக்கு மனிதரை எழுப்புவதில் பயனில்லை, இயந்திரமே தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். அதற்கான செலவு வேறு கணக்கு.

கூகுளில் 2003-இல் பென் டிரெய்னர் ஸ்லாஸ் தொடங்கிய எஸ்ஆர்இ என்ற, தளங்கள் விழாமல் பார்த்துக்கொள்ளும் பொறியாளர் பிரிவு இந்த எண்ணை ஒரு பட்ஜெட்டாக ஆக்கியது. 43 நிமிடம் உங்கள் மாதப் பணம். மிச்சம் இருக்கிறதா, புதிய வசதிகளைத் தாராளமாக வெளியிடுங்கள், கொஞ்சம் உடைந்தாலும் பரவாயில்லை. தீர்ந்துவிட்டதா, புதியதை நிறுத்திவிட்டு ஓட்டையை அடைத்துவிடுங்கள். வேகமாக வெளியிடத் துடிக்கும் டெவலப்பருக்கும், எதையும் தொடாதே என்று கத்தும் ஆபரேஷன்ஸ்காரருக்கும் காலங்காலமாக நடந்த சண்டையை ஒரு கணக்கு முடித்துவைத்தது. இதே அளவுகோலில் கிட்லேப்பின் பதினெட்டு மணி நேரம் என்பது 1,080 நிமிடம். 25 மாத பட்ஜெட் ஒரே நாளில்.

அதன் பிறகு அவர்கள் செய்தவற்றில் பெரும்பாலானவை பெரிய வித்தை ஒன்றுமில்லை. டேட்டாபேஸின் ஸ்னாப்ஷாட்டை அடிக்கடி எடுக்க ஏற்பாடு செய்தார்கள். எடுத்த பேக்கப்பைத் தானாகவே மீட்டுப் பார்க்கும் சோதனையைத் திட்டத்தில் சேர்த்தார்கள். தரவின் பாதுகாப்புக்கு இன்னார் பொறுப்பு என்று ஓர் ஆளை வைத்தார்கள். எந்த சர்வரில் இருக்கிறோம் என்று ஒரே பார்வையில் தெரியும்படி அந்தக் கறுப்பு ஜன்னலின் முகப்பை மாற்ற முடிவு செய்தார்கள். உண்மையான தளம் என்றால் சிவப்பு, ஸ்டேஜிங் என்றால் மஞ்சள் என்பது விபத்து இரவிலேயே குறிப்பில் எழுதிவைத்த யோசனை.

மீட்ட டேட்டாபேஸைத் திறந்துவிடுவதற்கு முன் ஒரு சின்ன வேலை பாக்கி இருந்தது. தொலைந்துபோன அந்த ஆறு மணி நேரத்தில் உருவான புராஜெக்ட்டுகளுக்கும் கருத்துகளுக்கும் டேட்டாபேஸ் வரிசை எண்கள் கொடுத்திருந்தது. அந்த எண்களைச் சுமந்த இணைப்புகள் வெளியே யாரிடமாவது இருக்கலாம். இனி வருபவற்றுக்கும் அதே எண்கள் விழுந்தால், ஒருவருடைய பழைய இணைப்பு இன்னொருவருடைய புராஜெக்ட்டைத் திறந்துவிடும். அதனால் எல்லா வரிசைகளையும் ஒரேயடியாக 1,00,000 முன்னால் தள்ளிவிட்டுத்தான் தளத்தைத் திறந்தார்கள்.